ஒன்பது நாள் நாங்கள் கேட்காத பேச்சு

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் கலங்கி உட்கார்ந்திருக்கும் பெரியக்காவின் கணவர் அவர்களே, பிள்ளைகளே, பணித்தோழர்களே!

அழத்தான் வந்தேன். அழுகை வரவில்லை; ஆத்திரம்தான் வருகிறது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் மனநலப் பிரிவின் செவிலியர். நம் எல்லோருக்கும் பெரியக்கா. இன்று அவரைத் தெய்வம் என்கிறோம். உயிரோடு இருந்தபோது என்ன சொன்னோம்?

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து ஓட்டுநர் தம் மகளைக் கூட்டிவந்தார். கல்லூரி மாணவி. யாரோ கொல்ல வருவதாக அலறினாள். மனநோய் என்று எழுதி, கட்டிலோடு கட்டிப்போட்டோம். எழுதிய மருத்துவர் யார்? நான்!

பெரியக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"சார், வாய் தானா மென்னுக்கிட்டே இருக்கு. விட்டு விட்டுக் காய்ச்சல். நேத்து வலிப்பு வந்துச்சு. இது மனசு இல்ல சார், மூளை. முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பாருங்க."

"நீங்க ஊசியப் போடுங்கக்கா, நோயை நாங்க பாத்துக்கறோம்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

ஒன்பது நாள் கேட்டார். பிறகு நரம்பியல் மருத்துவரை அவரே போய் அழைத்து வந்தார்.

அவர் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க, முடிவு வந்தது. மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் பொருள் குளுட்டமேட். அதை வாங்கும் ஏற்பிகள் இல்லையென்றால் நினைவும் இல்லை, படிப்பும் இல்லை. அவை அளவுமீறித் தூண்டப்பட்டாலும் ஆபத்து. பக்கவாதத்தில் மூளைச் செல்கள் மடிய அதுவும் ஒரு காரணம். இந்தப் பெண்ணுக்கோ, உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளைத் தாக்கிக்கொண்டிருந்தது! தூண்டிவிட்டது சினைப்பையில் இருந்த ஒரு கட்டி. அதை அகற்றி, மருந்து கொடுத்தோம். நான்காம் மாதம் அவள் தன் தகப்பனைப் பார்த்து, "ஏம்பா இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்றாள். அந்த மனிதர் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதார்.

பெரியக்காவுக்கு நாம் தந்த பரிசு என்ன? அதிகாரம் மீறினார் என்று ஒரு மெமோ! ஓய்வுபெறும்வரை அதைத் திரும்பப் பெற்றோமா? கண்காணிப்பாளர் அவர்களே, நீங்களே சொல்லுங்கள்! போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். நான் இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

தோழர்களே, இன்று அந்தப் பிரிவின் தலைவன் நான். காலையில் ஓர் ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு வந்திருக்கிறேன். இனி அங்கே செவிலியர் எந்தப் பரிசோதனையைக் கேட்டாலும் அது நடக்கும். மறுக்கும் மருத்துவர் தம் காரணத்தை எழுதி, நோயாளியின் குடும்பத்தார் கையில் கொடுக்க வேண்டும். இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால், இங்கேயே, அவர் படத்துக்கு முன்னால் எழுந்து சொல்லுங்கள்!