கடையைத் தூக்கி நிறுத்தியவள்

எனக்குக் கணக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்; இதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்பட்டதும் இல்லை. மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதினேன். தலைகீழாக நின்று படித்தும் மூன்றாவது முறை மதிப்பெண் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கல்லூரிக்குள் எப்படி நுழைந்தாய் என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். உழைப்பு என்று சொல்லிவருகிறேன். அது பொய் இல்லை. முழுசாகச் சொல்லிவிடுவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பயிற்சி மையத்தில் ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். என் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“மார்க் இவ்ளோ கம்மின்னா கதை பெருசா இருக்கணும்மா. முழுகப்போன தொழில் எதையாவது தூக்கி நிறுத்தியிருக்கியா?”

நான் அதுவரை தூக்கி நிறுத்தியது கீழே விழுந்த சைக்கிளைத்தான். எங்கள் குடும்பத்தில் இருந்த ஒரே தொழில் அக்கா வீட்டுக்காரரின் சலவைக் கடை. அது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதுதான் சிக்கல்.

மதிய வேளைகளில் அங்கே கல்லாவில் நான் உட்காருவேன். மருத்துவமனைக் கோட்டுகளும் ஓட்டல் சிப்பந்திகளின் வெள்ளை உடுப்புகளும் மூட்டை மூட்டையாக வரும். இயந்திரங்களின் இரைச்சலையும் மீறி அத்தான் கர்ணகடூரமாகப் பாடுவார். துணியை உள்ளே போடுமுன் பைகளைத் துழாவிப் பார்க்க ஒருவர் இருந்தார். ஒரு பேனா தப்பிப் போனாலும் உலர்த்துகிற சூட்டில் மை கசிந்து அத்தனை வெள்ளையும் பாழாகிவிடும். அவரைப் பாக்கெட் அண்ணன் என்போம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அத்தனை வருடத்தில் ஒரு பேனாவைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

ஆகவே பேனாவை நான்தான் போட வேண்டியிருந்தது. கடைக்குத் தீ வைக்கிற யோசனையும் வந்தது. யாருக்காவது அடிபட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை. பாக்கெட் அண்ணன் பார்த்து முடித்த கூடையில் ஒரு கோட்டுப் பைக்குள் பேனாவைப் போட்டுவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் முறை அத்தான் சிரித்தார். “விடுங்கண்ணே, இந்த டாக்டருங்க பேனாவை எங்கெங்கதான் ஒளிச்சு வைக்கிறாங்களோ.”

அடுத்தடுத்த முறைகளில் சிரிக்கவில்லை. பாக்கெட் அண்ணன் புதுக் கண்ணாடி வாங்கினார். ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்த்து, மறுபடியும் பார்த்தார். “பார்த்தேன் தம்பி, சத்தியமா பார்த்தேன்” என்று மாய்ந்து போனார். பிறகு ஒருநாள் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். மருத்துவமனை விலகியது, ஓட்டலும் விலகியது. எனக்கு அன்று உண்மையிலேயே சந்தோஷம். கதைக்கு ஓர் உருவம் வந்துவிட்டதே.

அத்தான் நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். கடைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் எடுத்த மிகக் கடினமான முடிவு எது? அதற்கு என்னிடம் பதில் இல்லாமலிருந்தது. அதனால் பாக்கெட் அண்ணனை வேலையை விட்டு அனுப்பினேன். மேலங்கியைக் கழற்றி மடித்துக் கொடுத்தார்.

“உன் மேல கோவமில்லம்மா. என் கண்ணுதான் ஏமாத்திருச்சு.”

பெருந்தன்மையான மனிதர். விண்ணப்பத்திலும் அப்படியே எழுதினேன்.

அதன் பிறகு பேனா போடுவதை நிறுத்தினேன். பைகளை இருவர் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். ஓட்டல்காரரிடமும் மருத்துவமனையிலும் போய்ப் பேசினேன். கறையே வரவில்லை என்பதால் எல்லோரும் திரும்பி வந்தார்கள். கல்லூரி நேர்முகத் தேர்வில் மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆவலாகக் கேட்டார்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடம் கிடைத்த செய்தி வந்ததும் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “இவ இல்லன்னா நாங்க தெருவுலதான் நின்னிருப்போம்” என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் இப்போது பாடுவதில்லை. கடை அமைதியாக இருப்பது வாடிக்கையாளர்களுக்குப் பிடித்திருக்கிறது.

நான் கல்லூரிக்குக் கிளம்புகிற அன்று பாக்கெட் அண்ணன் வாழ்த்துச் சொல்ல வந்தார். வேறெங்கும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். வாசலிலேயே நின்றுகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நீ பெரிய படிப்பு படிக்கப் போற. நான் எங்கேம்மா கோட்டை விட்டேன்? அது தெரிஞ்சா போதும், தூக்கம் வரும்.”

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவசரமில்லாமல் யோசித்தேன்.

“கவனம் போதலண்ணே” என்றேன்.

தலையை ஆட்டினார், நன்றி சொன்னார், போய்விட்டார். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். பிறருக்கு உதவி செய்வதில் எனக்கு எப்போதுமே ஒரு திருப்தி.