மூன்று மாதத் துணை

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் மேடம். அது கல்பனாவின் இடம். ராஜபாளையம் மில்லிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை என் தோளில் சாய்ந்து தூங்குவாள். ஆறு வருஷப் பழக்கம். தை மாதம் அவள் ஸ்கூட்டி வாங்கினாள். அவளை மறுபடி என் பக்கத்தில் உட்கார வைப்பது எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மறுபடி பஸ்ஸிலேயே வரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"எம்புட்டு நாளைக்கு பஸ்ஸுக்குக் காத்துக் கெடக்கது? ஏட்டி வெங்கடேஸ்வரி, நீயும் ஓட்டிப் பழகு."

"தனியா வாரியே, பயமா இல்லையா?"

"தனியா எங்க வாரேன்? எட்வின் பின்னாடியே வண்டியில வாரான்லா. மந்திரிக்குக்கூட இப்படிக் காவல் கெடையாது!"

எட்வின் மில்லில் ஃபிட்டர். அவன் பேரைச் சொல்லும்போது சிரித்தாள். அதுவரை அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும்தான் கிடைத்து வந்தது.

மில்லில் ஒரு விதி உண்டு. யாரோ பின்தொடர்வதாக ஒரு பெண் எழுதிக்கொடுத்தால், மூன்று மாதத்துக்கு அவள் தன் தெருவிலிருந்து வேலைக்கு வரும் இன்னொரு பெண்ணோடு பஸ்ஸில்தான் வந்துபோக வேண்டும். எங்கள் தெருவிலிருந்து மில்லுக்குப் போவது அவளும் நானும்தான். நல்ல விதி. அதை ஓடவைக்க ஒரு பயம் தேவை.

ஆள் தெரிந்தால் பெண்கள் திட்டிவிடுவார்கள். யாரென்று தெரியாவிட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் போகும். அதனால் தடம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். வார விடுமுறையன்று மத்தியானம் அவள் குளியலறை ஜன்னலுக்குக் கீழே மண்ணை நனைத்தேன். அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டேன். என் எடை நாற்பத்திரண்டு கிலோ. ஆண் தடம் அதைவிட ஆழம். இடுப்பின் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர்க் குடம் வைத்து நடந்தேன். அறுபத்தெட்டு கிலோ வந்தது. ஜன்னல் வரை நடந்துவிட்டு, அங்கிருந்த துவைக்கிற கல்மேல் ஏறி, தடம் விழாமல் போய்விட்டேன். திரும்பிய தடம் இல்லையென்றால் அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான் என்று மனம் நினைத்துக்கொள்ளும்.

தடத்தைப் பார்த்துவிட்டுக் கல்பனா மில்லில் எழுதிக்கொடுத்தாள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அவள் அண்ணன்கள், தினமும் அவள் பின்னால் வருகிறவன் என்பதால் எட்வினைப் பிடித்து அடித்தார்கள். அவன் வலது கை இனி ஸ்பேனர் பிடிக்காது. நான் அவனைக் கைகாட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே என்னை நிற்கச் சொன்னாள். "போயிராதட்டி. செத்த நேரம் எதாவது பேசிக்கிட்டே நில்லு."

பேசிக்கொண்டே நின்றேன். அவளுக்கு அவ்வளவு பாதுகாப்பு அதற்குமுன் இருந்ததில்லை.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் அவள் ஸ்கூட்டியைத் துடைத்தாள். மறுபடி தடம் வைத்தேன். அந்த முறை தெருக்காரர்கள், விடியுமுன் வீடு வீடாக வரும் பால்காரர் தவசிமுத்துவைப் பிடித்து அடித்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

என் தவறு, அவளை ஸ்கூட்டியைத் தொடவிட்ட அந்த ஒரு நாள் இடைவெளிதான், மேடம். விதி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த தடத்தை வைத்துவிட வேண்டும்.