முகம் எந்தப் பக்கம்?

— நிறுத்தச் சொல்லு அவனை! இந்தக் குழிய விட்டு நான் ஒரு அடி நகர—

— வெர்னா, முதல்ல அந்த இலைவாரியைக் கீழ போடு, யாராவது பார்த்தா—

— பார்க்கட்டும்! தெருவுக்கே தெரியட்டும். லுயெல்லா, உன் வீட்டுக்கு மரம் வருது. பதினெட்டடி மேப்பிள். வாங்கிக் குடுத்தது யாரு? என் புருஷன். செத்து மூணு மாசமான என் புருஷன்!

— கத்தாத. நான் சொல்றதைக் கேளேன், பாரேன்...

— அம்மா, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் முடிவு சொல்லுங்க. மரம் கிரேன்ல அந்தரத்துல தொங்குது. வேரும் மண்ணுமா ஒரு டன். இந்த ஏரிக் காத்துல சங்கிலி ரொம்ப நேரம் என் பேச்சைக் கேக்காது.

— உன் பேரென்னப்பா?

— டெல்பர்ட். மரப்பண்ணையிலேருந்து வர்றேன்.

— டெல்பர்ட், அந்தக் கிளையில ஒரு மஞ்சள் சீட்டு ஆடுதே, அது யார் கட்டினது?

— வாங்கினவங்கதான்மா கட்டுவாங்க. அக்டோபர்ல பண்ணைக்கு வந்து, பிடிச்ச மரமாப் பார்த்துப் பேரெழுதிக் கட்டிட்டுப் போவாங்க. பனி உருகி மண்ணு இளகினதும், துளிர் விடறதுக்குள்ள நாங்க தோண்டிக் கொண்டாந்து நட்டுருவோம்.

— படி.

— நானா?

— சத்தமாப் படி. அவ காதுலயும் விழட்டும்.

— 'ஹார்லன். லுயெல்லா வீடு. கொட்டகைக்குப் பின்னால்.'

— கேட்டியா? காலையிலேருந்து என் பாட்டுக்குப் பக்கத்துல என் வீட்டுப் பாத்தியில இலை வாரிக்கிட்டிருந்தேன். டூலிப் மூக்கை நீட்டியிருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்தா இந்தச் சீட்டு. எனக்குத் தெரியாதா அந்த எழுத்து? நாப்பத்தோரு வருஷமா ஃபிரிட்ஜ் கதவுல பார்த்த எழுத்து. 'பால் தீர்ந்துபோச்சு.' 'ரம்பம் தீட்டப் போறேன்.' ஆமா, அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை ரம்பம் தீட்டத்தான் போனாரு. இருட்டற நேரத்துக்கு வந்தாரு. ரம்பம் போனபடியே மழுங்கலா வந்துச்சு. அன்னிக்கே கேட்டிருக்கணும் நான்.

— அவன் மனசு உனக்குத் தெரியாதா வெர்னா?

— அவனா?

— வாய் தவறி...

— எப்பலேருந்து அவன் இவன்?

— ஒண்ணாம் வகுப்புலேருந்து. எனக்கு முன் மேசை அவனோடது. நீ பென்சில்வேனியாவுலேருந்து வந்ததே அவனைக் கட்டிக்கத்தானே. அதுக்கு முன்னாடி எங்களுக்கெல்லாம் அவன் அவன்தான்.

— சரி. அன்னிக்குப் பண்ணைக்குத் தனியாவா போனாரு உங்க அவன்?

— நானும் போனேன்.

— நீயும்.

— என் வண்டியிலதான். வரிசை வரிசையா மூணு மணி நேரம் நடந்தோம். ஒரே சேறு.

— மூணு மணி நேரம்! சர்ச் வாசல்லேருந்து கார் வரைக்கும் என்கூட நடக்கறதுக்கு அவருக்கு முழங்கால் வலி. சேத்துல உன்கூட நடக்கறப்ப முழங்காலைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தாரா? எனக்கு என்ன வாங்கிக் குடுத்தாரு தெரியுமா? ஒரு ரோஜாக் குச்சி. வாளியில. அதையும் நானே நட்டேன்.

— வெர்னா—

— அவர் செத்த அன்னிக்கு உருளைக்கிழங்கும் சீஸும் சுட்டுக் கொண்டாந்தியே, பாத்திரத்துக்கு அடியில பேரை ஒட்டி. கழுவித் திருப்பிக் குடுக்கணும்னு மூணு மாசமா மேசை மேல வெச்சிருக்கேன். எடுக்கறப்பல்லாம் நல்ல மனுஷின்னு நினைப்பேன். இப்பதானே தெரியுது, உன் பேரை நீ எங்கெங்க ஒட்டி வெச்சிருந்தேன்னு.

— பேசிட்டியா? இப்ப ஒண்ணு கேளு என்னை. கொட்டகைக்குப் பின்னால ஏன்னு கேளு.

— அந்தக் கொட்டகைப் பேச்சை எடுக்காத! இருபது வருஷமா பாத்திரம் தேய்க்கறப்பல்லாம் அந்தத் துருப்பிடிச்ச தகரம்தான் என் மூஞ்சிக்கு நேரா. ஒரு மரத்தை வெச்சு மறைங்கன்னு நான் சொல்லாத வசந்தம் உண்டா? 'நம்ம மண்ணுக்கடியில பூரா கழிவுநீர்க் குழாய் ஓடுது, வேர் உள்ள புகுந்துடும், முடியாது வெர்னா'ன்னுடுவாரு.

— என் மண்ணுல குழாய் இல்ல.

— அதுக்கு?

— அதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லு, மரம் இறங்கட்டும். டெல்பர்ட், எறக்குப்பா.

— அப்பாடா. தலையைப் பார்த்துக்கங்க... மெதுவா... உக்காந்துருச்சு. நேரா நிக்குது பாருங்க. முகம் பிரமாதம்!

— மரத்துக்கு ஏது முகம்?

— இருக்கும்மா. பண்ணையில நெருக்கி வளர்க்கறோமில்ல, வெயில் பட்ட பக்கம் கிளை அடர்த்தியா வரும். அது முகம். பக்கத்து மரத்து நிழல்ல நின்ன பக்கம் சொட்டையாப் போயிரும். அது முதுகு. யார் வீட்டுல நடறோமோ அவங்க வீட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பறது எங்க வழக்கம். லுயெல்லாம்மா, இலை சிவக்கட்டும், உங்க மாடி ஜன்னல்லேருந்து பாருங்க. கொட்டகைக் கூரைக்கு மேல தீப்பிடிச்ச மாதிரி இருக்கும்.

— பார்க்கட்டும். காபிக் கோப்பையும் கையுமா உக்காந்து நல்லாப் பார்க்கட்டும்.

— மண்ணைத் தள்ளிரட்டுமா?

— என்னை ஏன் கேக்கறே? வீட்டுக்காரியைக் கேளு.

— லுயெல்லாம்மா? தள்ளிரட்டுமா?

— என் ஜன்னலுக்கு அழகாத்தான் இருக்கும், இல்ல?

— அதைத்தான்மா சொல்றேன்.

— தூக்கித் திருப்பு டெல்பர்ட்.

— என்னது? ஒரு டன்னும்மா!

— தெரியும். திருப்பறதுக்கு முன்னாடி அந்தச் சீட்டோட பின்பக்கத்தைப் படி.

— பின்னாடியும் இருக்கா? நாங்க வீட்டைப் பார்க்கறதோட சரி, திருப்பியெல்லாம் பார்க்கறதில்ல... ஆமாம்மா, இருக்கு. 'முகம் வெர்னாவின் ஜன்னலுக்கு. அவள் பாத்திரம் தேய்க்கும் ஜன்னல்.'

— பொய் சொல்றான்.

— இந்தாங்க, நீங்களே பாருங்க.

— கிட்டத்துல படிக்கற கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கு. இன்னொருக்காப் படி.

— 'முகம் வெர்னாவின் ஜன்னலுக்கு. அவள் பாத்திரம் தேய்க்கும் ஜன்னல்.'

— ஜன்னல்ங்கற வார்த்தையில ஒரு எழுத்தை விட்டிருப்பாரே.

— விட்டிருக்காரும்மா.

— அவருக்கு எப்பவும் வராது அது. எப்பவும்.

— மூணு மணி நேரம் நடந்தோம்னேனே வெர்னா, ஒவ்வொரு மரத்துக்கு முன்னாலயும் நின்னு இதையேதான் கேட்டாரு. 'இது வெர்னாவுக்குப் பிடிக்குமா? இந்தப் பக்கம் அவளுக்குத் தெரிஞ்சா நல்லாருக்குமா?' பொம்பளைக் கண்ணு ஒண்ணு வேணும்னுதான் என்னைக் கூப்பிட்டுப் போனாரு.

— ஆறு மாசம், லுயெல்லா. அடக்கத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அப்பக்கூட சொல்லலியே?

— மே மாசம் உங்க கல்யாண நாளன்னிக்கு இலை விட்டு நிக்கறதை நீயாப் பார்க்கணும்னாரு. வாயைத் திறக்காதேன்னு சத்தியம் வாங்கினாரு.

— அவரே போயிட்டாரு. அப்புறம் என்ன சத்தியம்?

— வாஸ்தவம்தான். சொல்லத்தான் பாத்திரத்தோட வந்தேன் அன்னிக்கு. நடை வரைக்கும் வந்துட்டு... அவனோடதுன்னு என்கிட்ட இருந்தது அந்த ஒரு ரகசியம்தான் வெர்னா. இன்னும் கொஞ்ச நாள் வெச்சுக்கலாமேன்னு தோணிடுச்சு.

— லுயெல்லா...

— அம்மா, திருப்பியாச்சு. முகம் இப்ப அந்தம்மா சமையலறைக்கு நேரா. ஆனா உங்க பக்கம் வெறும் சொட்டைதான், முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்கணும். பரவாயில்லையா?

— நீ மண்ணைத் தள்ளு டெல்பர்ட். ஒண்ணாம் வகுப்புலேருந்து நான் அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்.