மாவு மில்லு பாவ்லே

ரதிவோய்: மெல்லிசா சீவுடா ஸ்லாவ்கோ! பாதிக் கிழங்கு தோலோட போகுது. துப்பாக்கியத் தொட மாட்டேன்னவனுக்கு ஜெயில்ல குடுத்திருக்கிற ஒரே ஆயுதம் இந்தக் கத்தி. அதையும் ஒழுங்கா புடிக்கத் தெரியல.

ஸ்லாவ்கோ: முடியல, சகோதரரே... காய்ச்சல்.

ரதிவோய்: அதான் காலைல ஜெயில் ஆஸ்பத்திரிக்குப் போனியா?

ஸ்லாவ்கோ: ஆமா... மாத்திரை வாங்க.

ரதிவோய்: மாத்திரை வாங்கப் போனவன் வாயில காப்பி வாசம் அடிக்குதே! நமக்கெல்லாம் பார்லித் தண்ணி. நல்ல காப்பி, நம்மள விசாரிக்கிற தோழர் லெப்டினன்ட் ரூம்ல மட்டும்தான்...

ஸ்லாவ்கோ: என்னைப் போயா சந்தேகப்படுறீங்க? கடவுள் மேல சத்தியமா நான்...

ரதிவோய்: ம்... முடி, முடி.

ஸ்லாவ்கோ: ...சத்தியமா அங்க போகல.

ரதிவோய்: இது ரெண்டாவது. வந்த அன்னைக்கே என் ரொட்டியத் தின்னுட்டு, எடுக்கலன்னு ஒரு சத்தியம் அடிச்ச. ஆமா, நீ எதுக்கு உள்ள வந்த?

ஸ்லாவ்கோ: உங்கள மாதிரிதான்... துப்பாக்கி வாங்க மாட்டேன்னு...

ரதிவோய்: துப்பாக்கிக்கு முன்னாடி என்னடா நீட்டுவான்? மக்கள் படைக் கொடி! கையத் தூக்கி சத்தியம் பண்ணும்பான். நம்ம நசரேன சபைக்காரன் பண்ண மாட்டான். தலை போனாலும் அந்த வார்த்தை அவன் வாயில வராது. அதுக்குத்தான் எனக்கு மொதல்ல நாலு வருஷம். விடுதலைன்னு வெளிய விட்டு, வாசல்லயே மறுபடி பட்டாளத்துக்குக் கூப்பிட்டு, மறுபடி உள்ள தள்ளி, இந்த ரெண்டாவது தடவையில இப்ப அஞ்சாவது வருஷம் ஓடுது. நீ ஒரு ரொட்டித் துண்டுக்குப் பண்ணுற! உனக்கு வேஷம் கட்டிவிட்டவன் இதைக்கூடச் சொல்லித் தரலியா?

ஸ்லாவ்கோ: ...சரி, போதும். தெரிஞ்சு இப்ப என்ன பண்ணிடுவ?

ரதிவோய்: அட! சகோதரரே எங்க போச்சு?

ஸ்லாவ்கோ: சிரி, நல்லா சிரி. வேதப் பாட்டை எழுதி ரொட்டிக்குள்ள வச்சு உள்ள அனுப்புறது யாருன்னு நேத்து நீயேதான சொன்ன... மாவு மில்லு பாவ்லே. அவனப் புடிக்க ஜீப் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. எனக்கு சனிக்கிழமை விடுதலை!

ரதிவோய்: நீ யாருன்னு வந்த அன்னைக்கே தெரியும். அப்புறமும் உன்கிட்டப் பேர் சொல்லியிருக்கேன்... ஏன்னு உன் மண்டையில ஏறலியா?

ஸ்லாவ்கோ: ...ஏன்?

ரதிவோய்: பாவ்லே செத்து ஆறு வருஷம் ஆச்சு. ஜீப்ல மண்வெட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்களா?

ஸ்லாவ்கோ: பொய்! அப்ப நிஜமா எழுதுறது...

ரதிவோய்: அந்த ஆளுக்கு ஊரவிட்டுப் போக ஒரு பகல் வேணும். கிடைச்சிருச்சு.

ஸ்லாவ்கோ: இல்ல... இருக்காது! லெப்டினன்ட் அடிச்சுச் சொன்னாரே... "இந்தக் கூட்டம் எவ்வளவு உதைச்சாலும் வாங்கும், பொய் மட்டும் சொல்லாது. அவன் சொன்னா அப்படியே எழுதிக்கோ"ன்னு...

ரதிவோய்: சரியாத்தான் சொல்லியிருக்கார். எங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. ஒன்பது வருஷம் உதை வாங்கிக் காப்பாத்தினத நேத்து உன்னை மாதிரி ஒருத்தன்கிட்ட ஒரே பொய்யில விட்டுட்டேன்... வலிக்குதுடா. இனிமே நானும் அந்தச் சபை ஆளு இல்ல.