எண்பத்தேழு வளையங்கள்

வெர்னா: தள்ளாத ஹோலிஸ், தள்ளாத! ரம்பத்த உன் பக்கம் இழுக்கறது மட்டும்தான் உன் வேலை. திருப்பி இழுத்துக்க நான் இருக்கேன்ல?

ஹோலிஸ்: நான் எங்க தள்ளினேன்? ரம்பம் அதுவா போகுது.

வெர்னா: ஆமா, அதுக்குக் கால் மொளச்சிருக்கு. இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவ நான். எவன் என்ன சேட்டை பண்றான்னு திரும்பிப் பாக்காமலே தெரியும்.

ஹோலிஸ்: சரி தாயே, மன்னிச்சுக்கோ. கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன். ஒரு மோட்டார் ரம்பம் மட்டும் இருந்திருந்தா...

வெர்னா: ஆரம்பிச்சிட்டியா? இந்தக் காட்டுக்குள்ள மோட்டார் கூடாதுன்னு சட்டம். தெரிஞ்சுதானே பதினோரு வருஷமா பாதைய சுத்தம் பண்ண என்கூட வர்ற?... ஷ்! கேளு.

ஹோலிஸ்: என்ன? கரடியா?

வெர்னா: ஒண்ணுமில்ல. அதத்தான் கேக்கச் சொன்னேன்.

ஹோலிஸ்: ...ஆமா. எனக்கு என் நெஞ்சு அடிக்கறதுதான் கேக்குது.

வெர்னா: அது நீ தொப்பைய வச்சுக்கிட்டு மலை ஏறினதால. பிடி பிடி. ரெண்டாவது வெட்டும் பாதிக்கு மேல வந்தாச்சு. கீழ பாரு, தூளா விழுது? சேமியா மாதிரி நீளநீளமா விழுது.

ஹோலிஸ்: அழகாத்தான் இருக்கு. யாரு ரம்பப் பல்லத் தீட்டினது?

வெர்னா: வேற யாரு, நான்தான். திங்கக்கெழம ஃபாரஸ்ட் ஆபீஸ்காரங்க வந்து பாக்கறதுக்குள்ள பாதைக்குக் குறுக்க கெடக்கற இந்த ஒரு மரம் போயிடணும். மூட்டையோட ஒரு கோவேறு கழுதை தாராளமா போகணும். அப்பத்தான் இந்தப் பாதை அவங்க பராமரிக்கற பட்டியல்ல இருக்கும்.

ஹோலிஸ்: ம்... திங்கக்கெழம.

வெர்னா: என்ன ‘ம்’?

ஹோலிஸ்: ஒண்ணுமில்ல. ஒருவேளை பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்கன்னா?

வெர்னா: அஞ்சு வருஷம். புதர் மூடிடும். அப்புறம் இந்தப் பாதை போய்ச் சேர்ற மேல் ஏரிய நீயும் நானும் கனவுலதான் பாக்கணும்... என்ன நிறுத்திட்ட? இழு!

ஹோலிஸ்: இழுக்கறேன், இழுக்கறேன். கத்தாத.

வெர்னா: ஆப்ப இன்னும் ரெண்டு தட்டு தட்டு. இல்லன்னா மரம் ரம்பத்தக் கவ்விக்கும்... ஆங், போதும். மெதுவா... மெதுவா... விரிசல் விடுது. விட்டுடு! பின்னால போ!

ஹோலிஸ்: யம்மா! பூமியே அதிருது.

வெர்னா: கால் பத்திரமா இருக்கா?

ஹோலிஸ்: ரெண்டும் இருக்கு. வெர்னா, வாசனையப் பாரேன்! இந்த மரம் விழுந்து ஆறு மாசமாச்சு. இப்பத்தான் உரிச்ச ஆரஞ்சு மாதிரி மணக்குது.

வெர்னா: ஃபிர் மரத்துப் பிசின் அப்படித்தான். சரி, உக்காரு. முதுக அந்தப் பாறையில சாச்சுக்கோ, ரெண்டு காலையும் கட்டையில வச்சு ஓரமாத் தள்ளணும்... ஒண்ணு, ரெண்டு...

ஹோலிஸ்: இரு, இரு.

வெர்னா: இப்ப என்ன? சாண்ட்விச்சா?

ஹோலிஸ்: இல்ல. வெட்டின முகத்தப் பாரு. வளையமெல்லாம் வட்டமா இருக்குல்ல? இங்க மட்டும் ஒரு கோடு நேரா ஓடுது. கருப்பா. ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி.

வெர்னா: எங்க? கண்ணாடி எடுத்துக்கறேன்... அட.

ஹோலிஸ்: என்ன அது? பூச்சி அரிச்சதா?

வெர்னா: பூச்சி நேரா அரிக்காது. அந்தக் கோடாலியக் கொடு. அது பெரிசு, சின்னதக் கொடு... ஆப்பயும் கொடு. கோட்டோட ஓரத்துல வச்சு அடிக்கறேன். நீ மேல் கட்டையப் பிடிச்சுக்கோ.

ஹோலிஸ்: என் விரல் இருக்குது பாத்துக்கோ.

வெர்னா: கட்டை பேந்துக்கிட்டு வருது... இழு. ஆமா, இப்ப மட்டும் நீ தள்ளினாலும் பரவாயில்ல.

ஹோலிஸ்: மூடி கழண்ட மாதிரி வந்துடுச்சு! வெர்னா... வெர்னா, இது என்ன?

வெர்னா: இரு, தூசத் தொடச்சுக்கறேன்.

ஹோலிஸ்: சீக்கிரம் சொல்லு. பயமா இருக்கு.

வெர்னா: வழிக்குறி. மேல சின்னதா ஒரு செதுக்கு, கீழ நீளமா ஒண்ணு. பாதை போட்டவங்க மரத்துல கோடாலியால சீவி வச்சுட்டுப் போவாங்க. மரம் அது மேல வளந்து மூடிடுச்சு.

ஹோலிஸ்: நேத்து வெட்டின மாதிரி இருக்கு. பிசின் கூட மஞ்சளா அப்படியே... தொடலாமா?

வெர்னா: தொடு. அதுக்குத்தான இருக்கு.

ஹோலிஸ்: கோடாலி எங்க எங்க இறங்கிச்சுன்னு விரலுக்குத் தெரியுது. ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலே வெட்டு. மூடின கட்டையப் பாரு, அதுலயும் அதே குறி புடைச்சுக்கிட்டு நிக்குது. அச்சு எடுத்த மாதிரி.

வெர்னா: பேசாம இரு, எண்ணிட்டிருக்கேன். குறிக்கும் பட்டைக்கும் நடுவுல... எழுபது... எண்பது... எண்பத்தேழு.

ஹோலிஸ்: எண்பத்தேழு வளையமா?

வெர்னா: எண்பத்தேழு வருஷம். நம்ம ரெண்டு பேருமே அப்ப பொறக்கல.

ஹோலிஸ்: இதே எடத்துல ஒருத்தர் நின்னு, கோடாலிய ஓங்கி... அப்புறம் என்ன பண்ணியிருப்பாரு? மேல நடந்து போயிருப்பாரு.

வெர்னா: ஹோலிஸ், வெட்டு எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு பாரு. இடது கைக்காரர்.

ஹோலிஸ்: உன்ன மாதிரி.

வெர்னா: என்ன மாதிரி... கண்ணுல தூசு போயிடுச்சு. கைக்குட்டை இருக்கா?

ஹோலிஸ்: இந்தா. எனக்கும் அதே தூசுதான்... வெர்னா, ஒண்ணு சொல்லணும். கோடாலியக் கீழ வை முதல்ல.

வெர்னா: ஏன்?

ஹோலிஸ்: கீழ வை, சொல்றேன். திங்கக்கெழம யாரும் வரமாட்டாங்க. பாதையப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. உன் பேருக்குக் கடிதம் வந்துச்சு. தபால்காரன் நாந்தான் அத உன் பெட்டியில போடல.

வெர்னா: ஓஹோ.

ஹோலிஸ்: ஆபீஸ் முத்திரையப் பாத்துப் பிரிச்சுட்டேன், அப்புறம் எப்படிப் போடறது? மூணு வாரமா தபால் வண்டியில, என் சீட்டுக்கு அடியில கெடக்கு. முப்பது வருஷத்துல ஒரு தபால் கார்டு கூட நான் தொலச்சதில்ல. தெரிஞ்சா என் வேலை போயிடும். போகட்டும். நீ அதப் படிச்சா அப்புறம் மலை ஏறவே மாட்டியோன்னு பயந்துட்டேன்... ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்.

வெர்னா: இந்த மரம் எண்பத்தேழு வருஷம் வாயத் தெறக்கல. உன்னால மூணு வாரம் முடியல.

ஹோலிஸ்: கோவம் இல்லயா உனக்கு?

வெர்னா: கடிதம் அனுப்பின அன்னிக்கே ஆபீஸ்ல இருந்து போன் பண்ணிச் சொல்லிட்டாங்கப்பா. உங்கிட்ட சொன்னா நீ வரமாட்டியோன்னு நானும்தான் பயந்துட்டேன்... சரி, எழுந்திரு. கட்டைய நிமித்தி வைக்கணும். குறிய வழிப் பக்கமாத் திருப்பு, வர்றவங்களுக்குத் தெரியட்டும்.