காக்கட்டூ சாப்பிட்ட நாள்

பூசணிக்காயைத் தண்ணீரில் போட்டு வேகவைக்கக் கூடாது. ஆவியில் வைக்க வேண்டும். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. குழைந்த துண்டைக் காக்கட்டூக் கிளி ஒரு காலால் எடுக்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு கீழே போடும். நாலு நிமிட ஆவி போதும். இது புரிய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

நீங்கள் எழுதிக்கொள்வது நல்லதுதான். முதல் நாள் போலீஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரிதான் இருந்தது: கூப்பிட்டது பறவை என்று நினைத்தேன். அதைத் திருத்தத்தான் இன்று நானாகவே வந்தேன்.

பறவையின் பெயர் மேஜர். வயது நாற்பத்தொன்று. எங்கள் அப்பா மில்டூரா ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். ஆற்றோரம் ஒரு யூகலிப்டஸ் மரம் விழுந்தபோது அதன் பொந்திலிருந்து எடுத்து வந்த குஞ்சு அது. அப்பா போன பிறகு வீடும் பறவையும் என் அக்கா மெர்லுக்கு வந்தன. எனக்கு அப்பாவின் தராசு வந்தது. உலர்திராட்சைக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எடை போட்டவளுக்கு அது பொருத்தம் என்று அவர் நினைத்திருக்கலாம். மெர்லுக்குக் கால்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தேன்.

அவளுக்கு இளம் வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. கட்டில் பக்கத்தில் சிவப்பு டின் ஒன்றில் ஜெல்லி மிட்டாய். எங்கள் ஊரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாரும் பையில், காரில், தலையணைக்கடியில் வைத்திருப்பதுதான். உடம்பில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும். உடனே ஆறு மிட்டாய் மென்றால் சரியாகிவிடும், இல்லாவிட்டால் உயிரே போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

மெர்லுக்குக் கறுப்பு மிட்டாய் பிடிக்காது. அதையெல்லாம் மேஜருக்குக் கொடுப்பாள். கூடவே டீயில் நனைத்த பிஸ்கட், கிண்ணம் நிறையச் சூரியகாந்தி விதை. அது வேறு எதையும் தொடாது. பிப்ரவரியில் அதன் இறகு எண்ணெய் வடிகிற மாதிரி ஆனபோது நான்தான் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

"ஈரல் பூரா கொழுப்பு. இப்படியே போனா அடுத்த கிறிஸ்துமஸைப் பார்க்காது" என்றார் அவர். "பெல்லட்னு கடையில விக்கிற தீனி உருண்டையும் காய்கறியும்தான் இனிமே. தினம் காலைல எடை போடுங்க. அது முன்னாடி நீங்களும் அதையே சாப்பிடுங்க. தன் கூட்டம் திங்கிறதைத்தான் காக்கட்டூ தின்னும். கத்தினா ஓடாதீங்க. ஓடிப் போனீங்கன்னா, கத்தினா ஆள் வரும்னு அது பழகிடும். முதல் தடவை சாப்பிட ஆரம்பிச்சா ஆடாம அசையாம இருங்க. பேசக்கூட வேணாம்."

இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு ஒரு வேலையைச் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

மெர்லுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்டி க்ளென், நாப்பது வருஷமா தின்னது இப்பத்தான் விஷமாச்சா? அது உன்னை விட நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். மேஜரும் சிரித்தது, அவள் குரலிலேயே. அது மெர்ல் மாதிரி பேசும். நான் வந்த முதல் வருடம் "க்ளென், டீ போடு" என்று நாலு அறைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடும். நான் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். அங்கே இரண்டு பேரும் ஒரே சிரிப்பைச் சிரிப்பார்கள். வருத்தமாக இருக்கும். நாற்பத்தொரு வருடத்தில் அது என் கைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் விதையை நிறுத்தினேன். மூவரும் ஒரே சாப்பாடு சாப்பிட்டோம்: பூசணி, கீரை, பச்சைப் பட்டாணி. மேஜர் பூசணியைக் கொஞ்சம் கொறித்ததோடு சரி, பெல்லட்டைத் தொடவே இல்லை. ஆனால் எடையும் குறையவில்லை. ஆயிரத்து எழுபது கிராம், அப்படியே. எடை பொய் சொல்லாது, ஆள்தான் சொல்வார்கள். ஒரு காலை அதன் அலகோரத்தில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடுத்தேன்" என்றாள் மெர்ல். "அது என்னைப் பார்த்துச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

டின்னை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அவள் கைத்தடியால் தட்டி இறக்கிவிட்டாள். அதனால் துணி துவைக்கிற அறையில் வைத்துப் பூட்டினேன்.

"க்ளென், விளையாடாத. எனக்கு அது மருந்து."

"கூப்பிடு. நான் உடனே கொண்டுவரேன்."

அப்படித்தான் நடந்தது. இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் ஒரு நிமிடத்துக்குள் கொண்டுபோனேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில் மேஜரும் கற்றுக்கொண்டது. "க்ளென், டின்னைக் கொண்டா." நான் ஓடுவேன். மெர்ல் படுக்கையில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். கூண்டிலிருந்து சிரிப்பு வரும்.

"நான் கூப்பிடுறேனா, அது கூப்பிடுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மெர்ல் கேட்டாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

நான் கவனித்து வைத்திருந்தேன். அது மூன்று தடவை கூப்பிடும், பிறகு சிரிக்கும். ஒரு நாளும் மாறாது. "நாலாவது தடவை கூப்பிட்டா நீதான்" என்றேன். "நாலு தடவை கூப்பிடு, வந்துடுறேன்." சரி என்று தலையாட்டினாள். அவள் என்னை நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. மெர்ல் ஊசி போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்தாள். தட்டில் பூசணியும் கீரையும். பாதியைத் தள்ளிவிட்டு, "மனுஷி திங்கிறதா இது" என்று சொல்லிப் படுக்கப் போனாள். ஊசி போட்டால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரொட்டி எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மேஜர் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டரை மணிக்கு மேஜரைக் கூண்டிலிருந்து இறக்கிச் சமையலறை மேஜையில் விட்டேன். கதவைச் சாத்தினேன். கையில் பெல்லட்டை வைத்துக்கொண்டு நானும் ஒன்றை மென்றேன். அது நடந்து வந்தது. என் கட்டைவிரலில் ஒரு காலை வைத்தது. குனிந்து ஓர் உருண்டையை எடுத்து உடைத்துத் தின்றது. பதினோரு வாரத்தில் முதல் தடவை. என் கையிலிருந்து, வாழ்நாளிலேயே முதல் தடவை.

அப்போதுதான் குரல் வந்தது. "க்ளென், டின்னைக் கொண்டா."

முதல் நாள் உங்களிடம் சொன்னபோது பழியைப் பறவை மேல் போட்டுவிட்டேன். அது சரியில்லை. பறவை என் கையில் இருந்தது. அதன் வாய் நிறையத் தீனி.

இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. எழுந்தால் அது பறந்துபோய்த் திரைச்சீலைக் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும். மறுபடியும் பதினோரு வாரம். அதன் ஈரல் அவ்வளவு நாள் தாங்காது என்று பட்டது. நாலாவது தடவை கேட்டது. நான் எண்ணினேன். எண்ணுவது என் தொழில். இன்னும் ஓர் உருண்டை தின்னட்டும், பிறகு போகலாம் என்று நினைத்தேன். ஐந்தாவதில் என் பெயர் மட்டும் இருந்தது. ஏழுக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மேஜர் பதினோரு உருண்டை தின்றது. அதன் பிறகு அதைக் கூண்டில் விட்டு, கையைக் கழுவி, பூட்டைத் திறந்து டின்னை எடுத்துக்கொண்டு போனேன். மெர்ல் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். வாயில் ஒரு மிட்டாய் வைத்துப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, என்னால் ஆனதைச் செய்தேன் என்றார்கள். அழுகை வரும் என்று காத்திருந்தேன். இன்னும் வரவில்லை.

நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். பறவையை யார் எடுத்துக்கொண்டாலும் பூசணி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுங்கள். இன்று காலை தொள்ளாயிரத்துப் பத்து கிராம். இறகு பால் மாதிரி ஆகிவிட்டது. இப்போது எல்லாம் தின்கிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மூன்று தடவை கூப்பிட்டுச் சிரிக்கும். இப்போது ஏழு தடவை கூப்பிடுகிறது. கடைசி இரண்டும் காதை வைத்தால்தான் கேட்கும். பிறகு சிரிப்பதில்லை. என் குரலில், மெதுவாக, "நீ சாப்பிடு செல்லம், அவ கூப்பிட்டா கூப்பிடட்டும்" என்கிறது.

அதை அது எங்கே கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நான் வாயே திறக்கவில்லை. பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.