ஊதா முட்டை

அங்க உக்காராதம்மா. அது சேறு இல்ல, சாணி. போன வாரம் இந்த மைதானத்துலதான மாட்டுக் கண்காட்சி. எல்லாத்தையும் கழுவிட்டோம்னு சொல்லித்தான் நம்ம கார்ப் போட்டிக்கு வாடகைக்கு விடறாங்க, நாத்தம் குடலப் பொரட்டுது. இந்தா, இந்த ஐஸ் பெட்டி மேல உக்காரு.

ஹேட்டிதான உம் பேரு? நான் ட்வைலா. ஆமா, காலையில மைக்குல கத்துனாங்களே, அதே ட்வைலாதான். எல்லாரும் சாப்புடப் போயாச்சு, நீ மட்டும் இந்த வளைவுலயே வாக்கி டாக்கியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறியேன்னு பாக்க வந்தேன். இந்த டப்பாவா? அப்புறம் சொல்றேன். இப்ப மூடியத் தெறக்காத.

நானும் உன்ன மாதிரி புதுசாத்தான் வந்தேன், இந்த ஏப்ரல்ல. பிள்ளை பொறந்ததுக்கப்புறம் மளிகைக் கடைய விட்டா ஆஸ்பத்திரி, அவ்வளவுதான் நான் கார் ஓட்டுனது. முதல் நாளு, வண்டிக்குள்ள உருளற சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது, எல்லாத்தையும் எடுன்னாங்க. சீட்டுக்கு அடியில கைய விட்டா பால் பாட்டில் வருது. உள்ள இருந்தது பாலும் இல்ல, தயிரும் இல்ல, அதுக்கு இன்னும் யாரும் பேர் வைக்கல. கூடவே ரோமம் மொளச்ச கோழித் துண்டு ஒண்ணு. பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பாத்துட்டு, ஏம்மா, இதப் பொதைச்சிடுவமா, இல்ல பாதிரியாரக் கூப்புடணுமாங்கறான். அவன்தான் ஓரின்.

வாரம் பூரா பள்ளிக்கூட பஸ்ஸ ஆமையா நகத்துவான். ஞாயித்துக்கெழமை இங்க வந்து பேயா ஓட்டுவான். உன் பாட்டில விட நீ ஓட்டறது மோசமா இருக்கும் போலருக்கேன்னான். எனக்கு ரோஷம் வந்துருச்சு. அன்னைக்குப் போட்ட பந்தயந்தான். ரெண்டு பேருல, சுத்த முடிக்க அதிக நேரம் எடுத்துத் தோத்தவங்க ஊதா முட்டை திங்கணும்.

பெட்ரோல் பங்க்குல பாத்திருப்பியே, பணம் வாங்கற மேசை மேல ஜாடியில மெதக்குமே, பீட்ரூட் போட்ட புளிச்ச காடியில ஊறுனது, அதேதான். எந்த வருஷத்து முட்டைன்னு கடைக்காரனுக்கே தெரியாது. மேல ரப்பரு, உள்ள சாக்பீஸ் மாவு. வாசனை மூக்குல ஏறி மூளையில போயி உக்காந்துக்கும். எல்லார் கண்ணுலயும் படற எடத்துல நின்னு திங்கணும், மேல தண்ணி குடிக்கக் கூடாது. அதான் சட்டம்.

கோடை பூரா யாரு தின்னான்னு நெனைக்கற? முதல் தடவ, வழி காட்ட வச்சிருக்கற இந்த ஆரஞ்சுக் கோனுக்கு நடுவுல வழி தெரியாமச் சுத்தி, கெளம்புன எடத்துக்கே வந்து நின்னேன். கொடி புடிச்சவன், மறந்து எதையாச்சும் விட்டுட்டுப் போனியாங்கறான். அப்புறம் ஓரினே பக்கத்துல ஏறி உக்காந்தான். முன்னாடி நிக்கற கோனப் பாக்காத, அதுக்கு அடுத்ததுக்கு அடுத்ததப் பாருன்னான். தன்னைத் தோக்கடிக்கத் தானே சொல்லிக் குடுக்கறான் பாரு, பைத்தியம். காலையில எல்லாரும் வழிய நடந்து பாப்பமே, அப்ப பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நாலு சுத்து சேத்து நடப்பேன். அவ இப்பத் தூக்கத்துலகூட தலைய இடதும் வலதுமா ஆட்டறா. முட்டை தின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா ஒவ்வொரு தடவையும் அவன இன்னும் கொஞ்சம் நெருங்கிட்டுத்தான் தின்னேன்.

இன்னைக்கு நான் முந்திட்டேன்னு மைக்குல சொன்னாங்க. கண்ணு சிமிட்டற நேரந்தான் வித்தியாசம். ஓரின் தொப்பியக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு முட்டையத் தின்னான். பாதியில கண்ணு கலங்கிருச்சு, ஆனா துப்பல. அந்த ஊதா வாயோட வந்து என் கையப் புடிச்சு, பிரமாதமா ஓட்டுன ட்வைலாங்கறான். நான் கைய உருவிக்கிட்டு நேரா என் காருகிட்டப் போனேன்.

என் நீல வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். பின்பக்கம், வலது மூலையில, ஆரஞ்சுக் கலர் தீத்தியிருக்கு. காலையில நானே தொடச்ச வண்டி அது.

இல்ல, பழசு இல்ல. ஓட்டறப்பவே கண்ணாடியிலயும் பாத்தேனே. நீ ஓடி வந்து குனிஞ்சு கோனத் தூக்கி நிறுத்துன. அப்புறம் கோன் விழுந்துச்சுன்னு சொல்ல வாக்கி டாக்கிய வாய் வரைக்கும் கொண்டு போயிட்டு எறக்கிட்ட.

கோன் நிமுந்து நின்னு, அதச் சுத்திப் போட்ட சாக்பீஸ் கட்டத்தத் தொட்டுக்கிட்டு இருந்தா விட்டுடலாம், சரிதான். இது படுத்துக் கெடந்துச்சேம்மா.

பிள்ளைக்காரி, பாவம், ஒரு தடவையாச்சும் ஜெயிக்கட்டும்னா? ம். அதான் நெனச்சேன். அழாத, நான் சண்டைக்கு வரல. நல்ல மனசுதான் உனக்கு, ஆனா அதப் பாத்தாதான் வெறும் பிள்ளைக்காரியா வந்து நின்ன அந்தப் பால் பாட்டில் நாளு எனக்கு ஞாபகம் வருது. சாச்ச ஒரு கோனுக்கு ரெண்டு செகண்டு தண்டம். அதச் சேத்தா நான் அவனுக்குப் பின்னாடி. அவ்வளவு கிட்டப் பின்னாடி இதுவரைக்கும் நான் வந்ததே இல்ல, தெரியுமா? அந்த ரெண்டு செகண்டு எனக்கு வேணும்மா. என் கணக்குல சேத்துக் குடு.

சாப்பாடு முடிஞ்சா கணக்க மூடிருவாங்க. எந்திரி. அந்தா, வேன்கிட்ட நின்னு ஓரின் கையாட்டறான் பாரு, அங்கருந்து பாத்தா நம்மள நல்லாத் தெரியும். இந்த டப்பாவப் புடி, இப்பத் தெறக்கலாம். மூக்கப் பொத்திக்க. கடைக்காரன் ரெண்டாத்தான் குடுப்பான், ஒண்ண ஓரின் தின்னுட்டான், இது எனக்கு.

வாக்கி டாக்கிய அமுக்கு. நீலக் காரு, மூணாவது வளைவு, ஒரு கோன், அவ்வளவு சொன்னாப் போதும். நீதான் சொல்லணும். எனக்கு வாய் நெறைய முட்டை இருக்கும்.